பாட்டு பீரியட்

1970-களில் கடலூரில் நான் படித்த பெண்கள் பள்ளியில் பாட்டுக்கு ஒரு டீச்சர் இருந்தார். படத்துக்கு ஒரு டிராயிங் மாஸ்டர். தையலுக்கு இன்னொரு டீச்சர். மூவருக்கும் முழுநேர வேலை, மாதச் சம்பளம், பென்ஷன். வாரத்தில் ஒரு பாட்டு பீரியட் டைம்டேபிளில் உறுதியாக இருக்கும். பரீட்சை நெருங்கும்போது கணக்கு டீச்சர் வந்து கேட்டாலும் பாட்டு டீச்சர் விட்டுக்கொடுக்க மாட்டார்.

ஆனால் அந்த பீரியட்டில் நாங்கள் பாடியது குறைவு. ஏறக்குறைய அறுபது பேர் தரையில் உட்கார்ந்திருப்போம். டீச்சர் சுருதிப் பெட்டியைத் திறந்து தமக்கு இசைந்த சுருதியில் ஒரு பாட்டைப் பாடுவார். பிறகு குரல் நன்றாக இருக்கும் நாலு பேரை முன்வரிசைக்கு அழைப்பார். சுதந்திர தினம், ஆண்டு விழா, கல்வி அதிகாரி வரும் நாள், எல்லாவற்றுக்கும் அந்த நாலு பேர்தான். மற்றவர்கள் வாயை அசைத்தால் போதும், சத்தம் வரக்கூடாது. பள்ளிக்கூடத்தில் பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கிடைத்த இசைப் பாடம் இவ்வளவுதான். அந்த டீச்சரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. நூற்றுக்கணக்கான கீர்த்தனைகள் மனப்பாடமாகத் தெரிந்த வித்வாம்சினி அவர். அவருக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க ஒரு குரு இருந்தார். அறுபது பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் வழியைக் காட்டத்தான் ஒருவரும் இல்லை.

இன்றைக்கு நிலைமை நேர்மாறு. பிள்ளைகளிடம் கலையை எப்படிக் கொண்டுபோவது என்று நமக்கு இப்போது நிறையவே தெரியும். அதற்குக் கையேடு உண்டு, முகாம் உண்டு, மாநில அளவில் போட்டிகூட உண்டு. பெரும்பாலான பள்ளிகளில் பாட்டு டீச்சர்தான் இல்லை. வேலை இருந்த காலத்தில் பயிற்சி இல்லை, பயிற்சி வந்த காலத்தில் வேலை இல்லை. பள்ளி வகுப்பறையிலும் அதற்கு வெளியே ஊர்த் தெருவிலும் இரண்டு காலத்தையும் பார்த்துவிட்டேன். இந்தப் பொருத்தமின்மை என்னைத் தூங்க விடுவதில்லை.

பள்ளி முடித்ததும் சிதம்பரம் போனேன். ராஜா அண்ணாமலைச் செட்டியார் 1929-ல் அங்கே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை உருவாக்கியபோதே இசைக் கல்லூரியும் அதில் இருந்தது. சபேச ஐயர், டைகர் வரதாச்சாரியார், தஞ்சை நால்வர் பரம்பரையில் வந்த பொன்னையா பிள்ளை என்று பெரிய வித்வான்கள் சொல்லிக்கொடுத்த இடம். குருவின் வீட்டுத் திண்ணையில் சீடருக்குத் தனித்தனியாக நடந்த பாடத்தை வகுப்பறைக்கும் பாடத்திட்டத்துக்கும் தேர்வுக்கும் கொண்டுவந்தது அந்தக் காலத்துக்குத் துணிச்சலான வேலை. சென்னையில் மியூசிக் அகாடமியும் 1931-ல் இசை ஆசிரியர்களுக்கென்றே ஒரு கல்லூரி தொடங்கியது. இசையைப் பள்ளிப் பிள்ளைகளிடம் கொண்டுபோக ஆள் வேண்டும், அந்த ஆளைத் தயார் செய்ய வேண்டும் என்ற எண்ணம் அப்போதே இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன். 1941-ல் அண்ணாமலை நகரில் கூடிய தமிழிசை மாநாட்டுக்குப் பிறகு தமிழ்ப் பாடல்களைச் சுரதாளக் குறிப்போடு பல்கலைக்கழகம் தொகுதி தொகுதியாக அச்சிட்டது. பள்ளியில் பாட்டுச் சொல்லிக்கொடுப்பவருக்கு அது கையில் கிடைத்த புதையல். இன்றும் என்னிடம் இருக்கும் பழைய பிரதிகள் பக்கம் உதிர உதிரப் பயன்படுகின்றன.

1980-களில் நான் படித்தபோது அங்கே கமகமும் நிரவலும் கற்றேன். பத்து வயதுக் குழந்தையின் குரல் எந்தச் சுருதியில் நிற்கும் என்ற கேள்வி ஒருநாள்கூட வகுப்பில் எழவில்லை. பட்டயத்தோடு பள்ளி வேலைக்குப் போக வேண்டுமானால் அரசின் தொழிலாசிரியர் சான்றிதழும் வேண்டும். கோடை விடுமுறையில் 42 நாள் நடக்கும் பயிற்சி அது. ஓவியம், தையல் எல்லாவற்றுக்கும் இதே வழிதான். பாடக் குறிப்பு எழுதினோம், உளவியல் நோட்ஸ் எழுதினோம். ஆனால் பள்ளிகள் பூட்டிக்கிடக்கும் மே மாதத்தில் உண்மையான வகுப்பறைக்கு எங்கே போவது? எங்களில் ஒருவர் டீச்சராகவும் மற்றவர்கள் பிள்ளைகளாகவும் நடித்துக்கொண்டோம்.

சிதம்பரத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த ஊரில் சேரியில் பிறந்த நாயனார் நந்தன் கதையைப் பாடாத பாடகர் இல்லை. 1942-ல் வந்த 'நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடித்த தண்டபாணி தேசிகர் பிற்பாடு எங்கள் இசைத்துறைக்குத் தலைமை ஏற்றவர். சுவாமி சகஜானந்தர் 1916-லேயே அந்த ஊரில் நந்தனார் பெயரால் கல்விக் கழகம் அமைத்து, மற்ற பள்ளிகளில் இடம் கிடைக்காத பிள்ளைகளைப் படிக்க வைத்தார். கோயில் பேரிகைக்குத் தோலும் வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கொடுத்தவர் திருநாளைப்போவாராகிய நந்தன் என்று சேக்கிழார் எழுதுகிறார். இத்தனையும் இருந்தும், நான் படித்த நாளில் கல்லூரியில் பறைக்கு வகுப்பு இல்லை. நந்தன் பாட்டு உள்ளே இருந்தது. அவர் சேரியின் வாத்தியம் வெளியே நின்றது.

பாட்டை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று எனக்குக் கற்றுத்தந்தது கல்லூரியும் அல்ல, 42 நாள் பயிற்சியும் அல்ல. அது அறிவொளி. 1990 அக்டோபரில் பாரத் ஞான விஞ்ஞான ஜாதா என்ற கலைப்பயணம் நாடு முழுக்கக் கிளம்பியது. அதையடுத்து மாவட்டம் மாவட்டமாக அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் பரவியது. கடலூர் அப்போது தென்னாற்காடு மாவட்டத்தின் தலைநகர். விழுப்புரம் பிரிந்தது 1993-ல்தான். ஒரு பள்ளிக்கூடத்தில் விடுமுறை நாளில் கலைக்குழு முகாம் போட்டார்கள். கூத்தில் கட்டியங்காரன் வேஷம் கட்டுபவர், பஸ் கண்டக்டர், நெசவாளி, கல்லூரி மாணவர்கள், பறையடிக்கும் ஒரு பெரியவர், இவர்களோடு சங்கீதம் படித்த நான்.

முகாமை நடத்தியவர் முதல் நாளே என்னை எழுப்பி ஒரு பாட்டுப் பாடச் சொன்னார். பாடினேன். எல்லோரும் கைதட்டினார்கள். "நல்லா இருக்கு தங்கச்சி. இப்ப இந்த அண்ணனைப் பாட வை" என்று நெசவாளியைக் காட்டினார். அவருக்கு என் சுருதி எட்டவில்லை. "அவரு பாடுற இடத்துக்கு நீ இறங்கு. அங்கேயிருந்து கூட்டிட்டுப் போ." இசை கற்பித்தலில் நான் கேட்ட மிகச் சிறந்த பாடம் இதுதான் என்று இன்றும் சொல்வேன். அந்த முகாமில் எழுதாத விதிகள் பல இருந்தன. ஊருக்குள் போனதும் நம் பாட்டைத் தொடங்காதே, அவர்கள் பாட்டை முதலில் கேள். நடவுப் பாட்டோ தாலாட்டோ ஒரு கிழவி பாடினால் அதே மெட்டில் நம் சொல்லைப் போடு. மேடை ஏறாதே, வட்டமாக நில். மைக் வேண்டாம். ஒரு வரியை அவர்கள் திருப்பிப் பாடும் வரை அடுத்த வரிக்குப் போகாதே. நாடகம் முடிந்ததும் சாமானைக் கட்டாதே, உட்கார்ந்து பேசு.

கட்டியங்காரர் ஆறாவது தாண்டாதவர். அவர்தான் எங்களில் தலைசிறந்த ஆசிரியர். கூத்தில் ராத்திரி இரண்டு மணிக்குத் தூங்கி விழும் ஜனத்தை எழுப்பி உட்கார வைத்துப் பழகிய வாய் அது. பகல் முழுக்க நாற்று நட்டுவிட்டு வந்த பெண்கள் அரிக்கேன் வெளிச்சத்தில் சிலேட்டு பிடித்திருப்பார்கள். கண் சொருகும்போது அவர் ஒரு கேள்வி கேட்பார், சிரிப்பார்கள், மறுபடி எழுத்துக்கு வருவார்கள். அவருக்குச் சான்றிதழ் கொடுக்க எந்த வாரியமும் இருக்கவில்லை. இயக்கம் ஓய்ந்தபோது அவர் கூத்துக்கே திரும்பினார். எனக்கு வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பில் பல வருஷம் காத்திருந்த பின் உதவிபெறும் பள்ளி ஒன்றில் பாட்டு டீச்சர் வேலை கிடைத்தது. என்னைவிட அந்த வேலைக்குத் தகுதியானவர் அவர் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கலைஞர்கள் மறுபடி தெருவுக்கு வந்தார்கள். தேவனாம்பட்டினம், தாழங்குடா, சோதிக்குப்பம், கிள்ளைப் பக்கம் என்று கடலோரம் முழுக்கச் சாவு. சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் ஓவியர்களும் நாடகக்காரர்களும் பொம்மலாட்டக்காரர்களும் நல்ல மனதோடு வந்து இறங்கினார்கள். ஆனால் அடிபட்ட குழந்தையோடு எப்படி இருப்பது என்பது நல்ல மனதால் மட்டும் வருவதில்லை. கடற்கரைக் கொட்டகை ஒன்றில் ஒரு பையன் தாள் முழுவதும் கருப்பு க்ரேயானைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்த இளம் ஓவியர் அன்பாகத்தான் அவன் தாளின் மூலையில் ஒரு படகு வரைந்தார், மேலே மஞ்சள் சூரியன் வைத்தார். பையன் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனான்.

அன்று மாலை குழந்தை மனநலத்தில் அனுபவமுள்ள ஒரு அம்மாள் எங்கள் எல்லோரையும் உட்கார வைத்தார். பிள்ளையின் தாளில் உங்கள் கை படக்கூடாது என்றார். என்ன படம் என்று கேட்காதீர்கள், அவனாகச் சொன்னால் கேளுங்கள். அழகாயிருக்கிறது என்றும் சொல்லாதீர்கள். வாரா வாரம் அதே நாளில், அதே நேரத்தில், அதே ஆள் வாருங்கள். வர முடியாதவர்கள் முதல் நாளே வராமலிருப்பது நல்லது என்று கடுமையாகவே சொன்னார். இளம் ஓவியர் கண் கலங்கிவிட்டது. ஆனால் அவர்தான் கடைசி வரை தவறாமல் வந்தவர்.

அந்த அம்மாள் சொன்னதை முன்பே சொன்னவர்கள் உண்டு. காந்தியின் சேவாகிராமத்தில் 1944 முதல் ஓவிய ஆசிரியராக இருந்த தேவி பிரசாத், பிள்ளைகளின் படத்தில் பெரியவர்கள் கைவைக்கக் கூடாது என்பதை ஒரு கொள்கையாகவே வைத்திருந்தார். இத்தாலியில் ரெஜியோ எமிலியா நகரத்துப் பாலர் பள்ளிகளில் ஆசிரியர்களோடு ஓவியர் ஒருவரையும் நிரந்தரமாக வைத்திருக்கிறார்கள். உலகப் போருக்குப் பின் சிதைந்து கிடந்த ஊர் அது. அந்த ஊர்க்காரர்கள் செய்ததில் எனக்கு முக்கியமாகப் படுவது 'நிரந்தரமாக' என்பதுதான்.

இனி இப்போதைய கதை. கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் வந்தது. நூறு பிள்ளைகளுக்கு மேல் இருக்கும் நடுநிலை வகுப்புகளுக்குக் கலைக்கும் உடற்கல்விக்கும் தொழில் கல்விக்கும் பயிற்றுநர் வேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னது. பயிற்றுநர் என்பதற்கு முன்னால் 'பகுதிநேர' என்றும் அதிலேயே எழுதியிருந்தது. தமிழ்நாட்டில் 2012-ல் 16,549 பேரை எடுத்தார்கள். வாரத்தில் மூன்று அரைநாள் வேலை, மாதம் 5,000 ரூபாய். அது படிப்படியாக ஏறி 2024-ல் 12,500 ஆயிற்று. மே மாதத்துக்குச் சம்பளமே இல்லாமல் பல வருஷம் ஓட்டினார்கள். வேலையை விட்டுப் போனவர்கள் போக, மிச்சமிருப்பவர்கள் பணி நிரந்தரம் கேட்டுச் சென்னையில் உட்கார்ந்து எழுந்து ஓய்ந்துவிட்டார்கள். 2017-ல் முழுநேரச் சிறப்பாசிரியர் பணிக்குத் தேர்வு வைத்தபோது மாநிலம் முழுவதற்கும் ஓவியத்துக்கு 327 இடம், இசைக்கு 86 இடம்.

அதே காலத்தில்தான் கலை பள்ளிக்குள் எல்லா வாசலாலும் நுழைந்திருக்கிறது. 2021-ல் இல்லம் தேடிக் கல்வி என்ற அரசுத் திட்டம் முதலில் தொடங்கிய மாவட்டங்களில் கடலூரும் ஒன்று. ஊர் ஊராகக் கலைக்குழுக்கள் பறையோடும் பாட்டோடும் போயின. பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனால் அறிவொளிக் கலைஞர் ஊரில் தங்கிப் பாடம் நடத்தினார். இவர்கள் திட்டத்தை அறிவித்துவிட்டு அடுத்த ஊருக்கு வேன் ஏறினார்கள். தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டப் பயிற்சியில் ஒன்றாம் வகுப்பு டீச்சர்கள் பொம்மை பிடித்துப் பாடுகிறார்கள், ஆடுகிறார்கள். மிக நல்ல காரியம். 2022-லிருந்து கலைத் திருவிழா நடக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பள்ளி, வட்டாரம், மாவட்டம் தாண்டி மாநிலத்துக்குப் போய்க் கலையரசன், கலையரசி பட்டம் வாங்குகிறார்கள். கிராமத்துப் பெண் பிள்ளை மேடையில் பறையடிப்பதைப் பார்க்க எத்தனை வருஷம் காத்திருந்தோம்! ஆனால் அந்தப் பிள்ளைக்குப் பயிற்சி கொடுத்தவர் யார் என்று விசாரித்துப் பாருங்கள். பல இடங்களில் போட்டிக்குப் பத்து நாள் முன்பு கூப்பிட்டு, பத்து நாள் கழித்து அனுப்பிவிட்ட ஓர் இளைஞராக இருப்பார். அந்தப் பத்து நாளிலும் அவர் தேர்ந்தெடுத்த எட்டுப் பேருக்குத்தான் சொல்லிக்கொடுத்திருப்பார். என் பள்ளியின் முன்வரிசை நாலு பேர் இப்போது எட்டுப் பேர் ஆகியிருக்கிறார்கள். மற்றவர்கள் கைதட்டுகிறார்கள்.

ஓய்வு பெற்றதிலிருந்து இந்த இளைஞர்களோடுதான் இருக்கிறேன். கடலூர் அரசு இசைப்பள்ளியில் மூன்று வருஷம் நாகசுரமோ தவிலோ தேவாரமோ படித்து முடித்தவர்கள், கூத்துக் குழுப் பிள்ளைகள், பகுதிநேர ஆசிரியர்கள் என்று கலந்து வருகிறார்கள். கலையை நான் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நாற்பது நிமிஷம், நாற்பது பிள்ளைகள், ஒரு கருவி, இதை என்ன செய்வது என்பதைத்தான் சேர்ந்து பார்க்கிறோம்.

ஒன்றரைக் கட்டையில் பாடிப் பழகிய ஓர் ஓதுவார் பையன் ஆறாம் வகுப்பில் பாடினான். பிள்ளைகள் திருப்பிச் சொன்னபோது வகுப்பு முழுக்க ஒரு முனகல்தான் கேட்டது. அவன் மிரண்டுபோய் என்னைப் பார்த்தான். "அஞ்சு கட்டைக்கு ஏத்துப்பா. நீ பாட வேணாம், தாளம் மட்டும் போடு. அவங்க பாடட்டும்" என்றேன். சுருதி ஏறியதும் ஜன்னல் அதிர்ந்தது. தேவாரத்தை எல்லா மதப் பிள்ளைகளும் இருக்கும் வகுப்பில் எப்படி எடுத்துச் செல்வது என்று அவனே யோசித்து, பண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு பிள்ளைகள் எழுதிய வரிகளை அதில் போட்டான். தவில்காரப் பிள்ளையின் சிக்கல் வேறு மாதிரி. அடைத்த அறையில் தவிலை வாசித்தால் சின்னப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். தவிலை வராந்தாவில் வைத்துவிட்டு வந்து சொல்கட்டை வாயாலும் தொடையில் தட்டியும் சொல்லிக்கொடுக்கப் பழகினான். மூன்றாவது வகுப்பில்தான் தவில் உள்ளே வந்தது. அதற்குள் அது என்ன பேசும் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது.

பறைக்காரத் தம்பிதான் அதிகம் போராட வேண்டியிருக்கிறது. மாட்டுத் தோல் பறையைத் தீயில் காய்ச்சினால்தான் நாதம் எழும். ஃபைபர் தட்டில் அந்த வேலை இல்லை, ஆனால் அவன் அதைத் தொட மாட்டான். வகுப்பு எடுக்கக் கேட்ட முதல் பள்ளியில், வளாகத்தில் நெருப்பு கூடாது என்றார்கள். அது நியாயம். பிறகு இன்னொன்றும் மெதுவாகச் சொன்னார்கள்: ஃபைபர் என்றால் பரவாயில்லை, தோல் என்றால் பெற்றோர் சிலர் பேசுவார்கள். சாவு மேளம் என்று ஒதுக்கிய கருவிக்குத் திருவிழா மேடையில் பரிசு கொடுத்த பிறகும் வகுப்பறை வாசலில் இந்தப் பேச்சு இருக்கிறது. இதற்கு எந்தக் கையேட்டிலும் பதில் எழுதவில்லை. அவனோடு உட்கார்ந்து, தலைமையாசிரியரிடம் என்ன பேசுவது, பெற்றோர் கூட்டத்தில் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தோம். பறை வாசிப்பதைப் போலவே இதுவும் அவனுக்குக் கைவர வேண்டிய வித்தை என்று நான் நினைக்கிறேன். கலைஞனுக்கு வேண்டிய ஆசிரியப் பயிற்சியில் பாதி இதுதான்.

இரண்டாவது பள்ளியில் இடம் கிடைத்தது. சிதம்பரத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊர். தலைமையாசிரியை கேட்டது ஒரே கேள்வி: "போட்டிக்கு எத்தனை பேரைத் தயார் பண்ணுவீங்க?" அவன் தயங்காமல், "டீச்சர், போட்டிக்கு இல்ல. ஆறாம் வகுப்பு மொத்தமும் வேணும். வாரத்துல ஒரு நாள், அதே கிழமை" என்றான். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு வியாழக்கிழமை கடைசி பீரியடைக் கொடுத்தார். மைதானத்தின் மூலையில், தண்ணீர் வாளி பக்கத்தில் வைத்து, பிள்ளைகள் பொறுக்கிவரும் சருகில் தோலைக் காய்ச்சிக்கொள்கிறான். அடிக்குச்சி எது, சிண்டுக்குச்சி எது, எந்த விரல் எங்கே என்பதைப் பிள்ளைகள் பிடிக்க ஒரு மாதம் ஆயிற்று. கணக்கில் பின்தங்கிய ஒரு பையன் மூன்றடித் தட்டையும் நாலடித் தட்டையும் கலந்து பன்னிரண்டாவது அடியில் சேர்ப்பதைத் தானே கண்டுபிடித்ததாகத் தம்பி என்னிடம் தொலைபேசியில் கத்தினான்.

தம்பிக்கு அந்தப் பள்ளி தர முடிவது பஸ் கட்டணம் மட்டும். பள்ளி நிர்வாகத் தீர்மானத்தில் மாதச் சம்பளம் ஒன்று எழுதி வாங்கவும், பயிற்சி பெற்ற கலைஞர்களை ஒன்றியத்துக்கு இத்தனை பேர் என்று முழுநேரமாக நியமிக்கவும் மனு தயாரித்திருக்கிறோம். பகுதிநேர ஆசிரியர்களும் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். தலைமையாசிரியைக்கு இந்த வருஷம் மாறுதல் வரலாம் என்கிறார்கள். ஜூனில் புது டைம்டேபிள் போடுவார்கள். வியாழக்கிழமை கடைசி பீரியட் அதில் இருக்கிறதா என்று பார்க்கப் பள்ளி திறக்கும் அன்றே அவனோடு நானும் போகிறேன்.